எழுத்தில் பிசிறு எடுக்கும் எந்திரம்!

காஞ்சீபுரமா? காஞ்சிபுரமா?

பஸ்சின் நெற்றியில் ஒரு விதமாக எழுதியிருக்கிறது. கடைப் பலகையில் இன்னொரு விதம். கல்யாணப் பத்திரிகையில், அச்சகத்தார் எப்படிக் கோத்தாரோ அப்படி. பேச்சில் எல்லோருக்கும் "காஞ்சி"தான். வடநாட்டுச் சேலைக் கடைக்குப் போனால் "கான்ஜீவரம் சில்க்" என்பார்கள். அது வெள்ளைக்காரர் காலத்துப் பெயர். ஊரை விட்டு அவர்கள் போனாலும் அந்தப் பெயர் சேலையை விட்டுப் போகவில்லை!

மனிதர்களுக்கு இதனால் கஷ்டம் இல்லை. எப்படி எழுதினாலும் ஏகாம்பரநாதர் கோயிலும் வரதராஜப் பெருமாள் கோயிலும் இருக்கும் ஊர் இதுதான் என்று தெரிந்துகொள்வோம்.

கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. அது எழுத்து எழுத்தாகப் பார்க்கும். "காஞ்சிபுரம்" என்று தேடச் சொன்னால், "காஞ்சீபுரம்" என்று எழுதிய பக்கத்தை விட்டுவிடும். ஆயிரம் பக்கம் உள்ள ஒரு தொகுப்பில் இருநூறு பக்கம் அப்படி எழுதப்பட்டிருந்தால், அந்த இருநூறும் தேடுகிறவருக்கு இல்லாத மாதிரிதான்.

இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ரேஷன் கார்டில் "சுப்ரமணியன்". பாங்கு புத்தகத்தில் "சுப்பிரமணியன்". ஒரே ஆள். கம்ப்யூட்டர் கணக்கில் இரண்டு ஆள்! பென்ஷனுக்கோ உதவித் தொகைக்கோ நடையாய் நடந்த குடும்பங்களுக்கு இந்த ஒரு "பி" என்ன பாடு படுத்தும் என்று தெரியும்.

எழுதுகிறவர்கள் பலர். படிக்கிறவர்கள் பலர். எல்லோரும் ஒரே மாதிரி எழுத வைப்பது எப்படி? அதற்கு இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று, விதிப் புத்தகம். அதை நடைக் கையேடு என்பார்கள். மற்றொன்று, விதி மீறினால் சத்தம் போடும் காவல்காரன்.

துணியிலிருந்து வந்த பெயர்

அந்தக் காவல்காரனுக்கு இங்கிலீஷில் "லிண்டர்" என்று பெயர். "லிண்ட்" என்றால் என்ன தெரியுமா? துணியில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுப் பிசிறு!

அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடம் என்று ஒன்று உண்டு. அங்கே வேலை பார்த்த ஸ்டீபன் ஜான்சன் என்ற நிபுணர், 1978-ம் ஆண்டு வாக்கில் ஒரு சிறு புரோகிராம் எழுதினார். மற்றவர்கள் எழுதிய புரோகிராம்களைப் படித்துப் பார்ப்பது அதன் வேலை. சந்தேகமான இடங்களை, சிறு சிறு கவனப் பிசகுகளை அது எடுத்துக் காட்டியது. துணியில் பிசிறு பொறுக்குவது போன்ற வேலை. ஆகவே "லிண்ட்" என்றே பெயர் வைத்துவிட்டார்.

நெசவு ஊருக்கு இந்த வேலையை விளக்கவே வேண்டாம். காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் தனித்தனி நிறம். இரண்டையும் தறியிலேயே கோத்து நெய்வார்கள். அதுதான் கோர்வை. கோர்வையில் ஓர் இழை தப்பினால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஜக்கார்டு அட்டையில் ஒரு துளை தவறினால் இன்னும் மோசம். அந்த அட்டை சுற்றி வரும்போதெல்லாம் அதே பிழை திரும்பத் திரும்பச் சேலையில் விழும். சேலையை அறுத்து எடுத்த பிறகு அழுது என்ன பயன்? அட்டை குத்தும்போதே பார்த்துவிட வேண்டும்.

எழுத்திலும் அதே கதைதான்.

சாதாரண எழுத்து, சில குறிகள்

இப்போது கம்ப்யூட்டரில் ஆவணம் எழுதுகிறவர்கள் பலர் "மார்க்டவுன்" என்ற முறையைக் கையாளுகிறார்கள். 2004-ல் ஜான் குரூபர் என்ற அமெரிக்கர் இதை வெளியிட்டார். ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற இளைஞர் அதற்கு உதவினார்.

முறை மிகவும் சுலபம். சாதாரணமாக எழுதிக்கொண்டு போக வேண்டியது. தலைப்பு வேண்டுமா? வரியின் முன்னால் # என்ற குறி ஒன்று. உள்தலைப்பா? இரண்டு குறி. ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டுமா? அதன் இரு பக்கமும் நட்சத்திரக் குறி. பட்டியலா? ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சிறு கோடு. அவ்வளவுதான்! அதைக் கம்ப்யூட்டர் அழகான பக்கமாக மாற்றித் தரும்.

சுலபமாக இருந்ததால் பரவியது. பரவியதால் குழப்பமும் வந்தது. ஒரே எழுத்தை ஒரு புரோகிராம் ஒரு விதமாகவும், இன்னொன்று வேறு விதமாகவும் காட்டியது. 2014-ல் ஜான் மக்பார்லேன் முதலிய சிலர் கூடி, "காமன்மார்க்" என்ற பெயரில் விரிவான இலக்கணம் வகுத்தார்கள். டேவிட் ஆன்சன் என்பவர் உருவாக்கிய "மார்க்டவுன்லிண்ட்" என்ற காவல்காரன் இன்று பல இடங்களில் வேலை பார்க்கிறான். அவனிடம் எண் போட்ட விதிகள் ஐம்பதுக்கு அருகில் இருக்கின்றன.

முதல் விதியே நல்ல விதி. தலைப்புகள் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். பெரிய தலைப்பிலிருந்து ஒரே தாவாக மூன்றாம் படிக்குத் தாவக் கூடாது. இது அழகுக்காக மட்டும் போட்ட விதி என்று நினைக்க வேண்டாம். கண் தெரியாதவர்கள் கம்ப்யூட்டரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அவர்கள் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவித்தான் வேண்டிய இடத்துக்குப் போகிறார்கள். நடுவில் ஒரு படி இல்லாவிட்டால், எதையோ விட்டுவிட்டோமோ என்று திகைப்பார்கள். 45-ம் விதி, படம் போட்டால் அதில் என்ன இருக்கிறது என்று வார்த்தையில் எழுது என்கிறது. அதுவும் அவர்களுக்காகத்தான்.

வேடிக்கையான விதியும் உண்டு. ஒன்பதாம் விதி, வரியின் கடைசியில் வெற்றிடம் விடாதே என்கிறது. வெற்றிடத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் மார்க்டவுனில் வரிக் கடைசியில் இரண்டு வெற்றிடம் விட்டால், வரி அங்கே உடைந்துவிடும். எழுதியவர் விரல் தவறித் தட்டிய இரண்டு தட்டுக்குப் பக்கம் கோணலாகும்!

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

காஞ்சிபுரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

"காஞ்சி லினக்ஸ் பயனர் குழு" என்று ஒரு குழு இந்த ஊர்ப் பெயரில் உண்டு. யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமையோடு வரும் மென்பொருள்களைப் பற்றி, ஞாயிறு மாலைகளில் இணையத்தின் மூலம் தமிழிலேயே கூடிப் பேசி வந்திருக்கிறது இந்தக் குழு. இதே வழியில், 2012-ல் "கணியம்" என்ற மின்னிதழ் தொடங்கியது. கணியம் அறக்கட்டளையார் தமிழ் மின்னூல்களை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடுகிறார்கள். 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலும் முன்பின் அறியாத பலர் சேர்ந்து எழுதுகிறார்கள். அங்கே நடைக் கையேடும் இருக்கிறது.

சம்பளம் இல்லாமல், முகம் பார்க்காமல், பல ஊர்களில் இருந்து பலர் எழுதும் இடத்தில் விதி இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒருவர் எழுதியதை இன்னொருவர் மாற்றுவார். அவர் மாற்றியதை முதலாமவர் மறுபடி மாற்றுவார். நல்ல வேலைக்கு இருந்த நேரம் இந்த இழுபறியில் போய்விடும்.

பத்திரிகைகளுக்கு இது பழைய பிரச்சினை. "தினத்தந்தி"யை 1942-ல் தொடங்கிய சி. பா. ஆதித்தனார், தம் நிருபர்களுக்கும் துணை ஆசிரியர்களுக்கும் எழுதும் முறையைச் சொல்லிக் கொடுக்கக் கையேடே எழுதினார். அங்கே காவல்காரர் வேலையைச் செய்தவர்கள் மெய்ப்புத் திருத்துகிறவர்கள். சிவப்பு மையும் கூர்மையான கண்ணுமே அவர்கள் கருவிகள்.

கண்ணை ஏமாற்றும் எழுத்து

எவ்வளவு கூர்மையான கண்ணும் தோற்கும் இடம் ஒன்று தமிழில் இருக்கிறது.

"ஔவையார்" என்று எழுத வேண்டும். முதலில் வருவது "ஔ" என்ற ஒரே எழுத்து. ஆனால் பலர் "ஒ" தட்டி, பிறகு "ள" தட்டி, "ஒளவையார்" என்று எழுதிவிடுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். கம்ப்யூட்டருக்கோ இவர்கள் இரண்டு பாட்டிகள்! ஒரு பாட்டியைத் தேடினால் மற்றவர் கிடைக்க மாட்டார்.

கோயில் ஊரில் தெருவுக்குத் தெரு "ஸ்ரீ" இருக்கிறது. அதற்கும் இரண்டு வேஷம் உண்டு. முதலில் "ஸ" என்ற எழுத்தை வைத்துத்தான் அதை அமைத்தார்கள். 2005-ல் யுனிகோடு என்ற உலக எழுத்து அட்டவணையில் "ஶ" என்ற எழுத்து சேர்ந்தது. அதை வைத்தும் அமைக்கலாம் என்று ஆயிற்று. திரையில் பார்க்க இரண்டும் அநேகமாக ஒன்றுபோல் இருக்கும். உள்ளே வேறு வேறு.

இதை மனிதன் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எந்திரம் ஒரு விநாடியில் கண்டுபிடிக்கும். காவல்காரனிடம் சொல்லிவிட வேண்டியதுதான். "ஒ"வுக்குப் பக்கத்தில் "ள" வந்தால் பிடி!

பிடிப்பான். ஆனால் எதைப் பிடிப்பான் தெரியுமா? "ஒளி"யையும் பிடிப்பான். அதிலும் "ஒ"வும் "ள"வும் பக்கத்தில் பக்கத்தில்தானே இருக்கின்றன! தீபாவளிக் கட்டுரை ஒன்றைக் கொடுத்தால் வரிக்கு வரி கத்துவான். இரண்டு நாள் பார்த்துவிட்டு, எழுதுகிறவர்கள் அவனுடைய கூச்சலைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். பிறகு அவன் உண்மையான பிழையைக் காட்டினாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

ஆகவே விதியைத் திருத்த வேண்டும். "ஒ"வை அடுத்து "ள" வந்து, அந்த "ள"வுக்குக் கொம்போ சுழியோ புள்ளியோ எதுவும் இல்லாவிட்டால் மட்டும் பிடி. இப்போது "ஒளி" தப்பிக்கும். "ஒள்ளிய" தப்பிக்கும். "ஒளவை" அகப்படும்.

விதி எழுதுவது ஒரு நாள் வேலை. அதைப் பராமரிப்பதுதான் வருஷக் கணக்கில் செய்ய வேண்டிய வேலை.

எண்பது என்ற எண்

அயலூர் விதியை அப்படியே வாங்கிக்கொள்ளவும் கூடாது. மார்க்டவுன்லிண்டின் 13-ம் விதியைப் பாருங்கள். ஒரு வரியில் 80 எழுத்துக்கு மேல் போகாதே என்கிறது.

ஏன் 80? நூறு என்று வைத்தால் என்ன?

ஐ.பி.எம். கம்பெனி 1928-ல் ஒரு துளை அட்டை கொண்டுவந்தது. அதில் 80 பத்திகள் இருந்தன. பல ஆண்டுகள் கம்ப்யூட்டருக்குச் செய்தி சொன்னது அந்த அட்டைதான். பிறகு வந்த திரைகளும் வரிக்கு 80 எழுத்தே காட்டின. அட்டை போயிற்று. பழைய திரைகளும் போயின. எண்பது மட்டும் நின்றுவிட்டது! துளை அட்டைக்கு மூதாதை எது? பிரான்ஸ் நாட்டு ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-ல் தறிக்குப் பூட்டிய அட்டைதான். காஞ்சியில் தறியின் தலைக்கு மேல் பெட்டியில் சுற்றுகிறதே, அதே வம்சம்.

தமிழுக்கு இந்த எண்பது அநியாயம் செய்கிறது. "காஞ்சிபுரம்" என்பதில் நமக்கு எத்தனை எழுத்து? கா, ஞ், சி, பு, ர, ம். ஆறு. கம்ப்யூட்டர் எண்ணினால் பதினொன்று! ஏனென்றால் அது காலைத் தனியாக எண்ணும். கொம்பைத் தனியாக எண்ணும். புள்ளியையும் தனியாக எண்ணும். இங்கிலீஷ்காரருக்கு எண்பது என்றால் நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஐம்பதுதான்.

ஆகவே தமிழில் எழுதும் குழு 13-ம் விதியை நிறுத்தி வைக்கலாம். அல்லது எண்ணைக் கூட்டலாம். எதைச் செய்தாலும், ஏன் செய்தோம் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். காரணம் எழுதாத விதியை மாற்றவும் பயம். வைத்திருக்கவும் பயம்.

கல்லில் எழுதியதையும் திருத்தினார்கள்

விதியைத் திருத்துவது கௌரவக் குறைவு என்று நினைப்பவர்கள் உத்திரமேரூருக்கு ஒரு தடவை போய் வரலாம். காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்.

அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-ல், ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் குடவோலை விதிகளை வெட்டி வைத்தார்கள். ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்பதெல்லாம் எழுதியாயிற்று. கல்லிலே எழுதிய விதி! அதற்கு மேல் என்ன?

இரண்டே ஆண்டுகள். 921-ல் மறுபடி கூடினார்கள். இன்னும் விரிவாக விதி செய்தார்கள். முப்பது முதல் அறுபது என்றிருந்த வயது, முப்பத்தைந்து முதல் எழுபது ஆயிற்று. சபையில் இருந்து கணக்குக் காட்டாதவரை விலக்கினார்கள். அவருடைய உறவினரையும் விலக்கினார்கள். குடத்திலிருந்து எடுத்த ஓலையை வாங்குகிறவர், ஐந்து விரலையும் அகல விரித்துக்கொண்டு உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்றுகூட எழுதினார்கள். விரலிடுக்கில் வேறு ஓலை இருந்தால்? அந்தச் சந்தேகம் எப்படி வந்திருக்கும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்!

நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கே அந்தச் சபை. பெண்களுக்கு இடம் இல்லை. அந்த விதிகளை இன்று யாரும் ஏற்க மாட்டார்கள். திருத்திய முறையில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. பழையதை அழிக்கவில்லை. 919-ன் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. புதியதும் அதே கோயிலில் இருக்கிறது. என்ன மாறியது என்று ஆயிரம் ஆண்டு கழித்து வந்தவர்களும் ஒப்பிட்டுப் படிக்க முடிகிறது. கம்ப்யூட்டரில் இதைத்தான் பதிப்பு வரலாறு என்கிறார்கள்.

அவசரத்தில் செய்த திருத்தத்துக்கும் உதாரணம் உண்டு. 2020 ஜூன் மாதம் தமிழக அரசு 1,018 ஊர்களின் பெயர்களை, தமிழ் உச்சரிப்புப்படி இங்கிலீஷில் எழுதும் முறையை மாற்றி உத்தரவு வெளியிட்டது. நோக்கம் நல்லதுதான். ஆனால் புதிய எழுத்துக்கூட்டல்களைப் பார்த்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சில நாட்களிலேயே உத்தரவு வாபஸ் ஆயிற்று. ஒரே மூச்சில் ஆயிரம் விதி போட்டால் அப்படித்தான்.

நிதானமாக வென்ற திருத்தமும் இருக்கிறது. பெரியார் 1935-ல் தம் "குடி அரசு" பத்திரிகையில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கினார். துதிக்கைபோல் வளைந்த கொம்பு போட்ட பழைய லை, ணை, னை எல்லாம் அங்கே மாறின. அரசு அதை ஏற்று உத்தரவிட்டது 1978-ல். நாற்பத்து மூன்று ஆண்டுகள்! பழைய "லை"யில் படித்த தாத்தாவும், புதிய "லை"யில் படித்த பேரனும் ஒரே வீட்டில் ஒரே பத்திரிகையைப் படித்தார்கள்.

எந்திரத்துக்குத் தெரியாதது

இவ்வளவு கெட்டிக்காரக் காவல்காரன் எல்லாப் பிழையையும் பிடித்துவிடுவானா? மாட்டான்.

"கீரைக் கடை" என்றால் கடைத்தெருவில் இருப்பது. "கீரை கடை" என்றால், மத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போ என்று அர்த்தம். நடுவில் ஒரு "க்" மட்டும்தான். இரண்டும் சரியான தமிழ். எழுதியவர் எதை நினைத்தார் என்று எந்திரம் எப்படிச் சொல்லும்? "நீச்சல்காரன்" என்ற பெயரில் எழுதும் ராஜாராமன், சந்திப் பிழை பார்க்க "நாவி" என்ற கருவியையும், எழுத்துப் பிழை பார்க்க "வாணி" என்ற கருவியையும் ஆக்கிக் கொடுத்திருக்கிறார். அரிய வேலை. அவற்றைக் கையாளுகிறவர்களும் கடைசி வார்த்தையைத் தாங்களே வைத்துக்கொள்வது நல்லது.

கூலி ஐந்நூறு என்பது ஐயாயிரம் என்று விழுந்திருந்தாலும் காவல்காரன் சலாம் போட்டு அனுப்பிவிடுவான். எழுத்து சரியாக இருக்கிறதல்லவா!

அதைவிட ஆபத்து, பிழையைக் காட்டாமல் தானே திருத்து என்று அவனுக்கு அதிகாரம் கொடுப்பது. அந்த வசதியும் உண்டு. வரிக் கடைசி வெற்றிடத்தை எடுப்பது போன்ற வேலைக்கு அது சரி. ஊர்ப் பெயரில் கை வைக்கச் சொன்னால் என்ன ஆகும்?

"காஞ்சி" என்று எங்கே வந்தாலும் "காஞ்சிபுரம்" என்று மாற்று என்று விதி போட்டுப் பாருங்கள். 1963-ல் வந்த எம்.ஜி.ஆர். படம் "காஞ்சிபுரம்த் தலைவன்" ஆகிவிடும். பத்துப்பாட்டில் ஒன்றான மதுரைக்காஞ்சி, "மதுரைக்காஞ்சிபுரம்" ஆகிவிடும். மாங்குடி மருதனார் பாண்டிய மன்னனுக்குப் பாடிய பாட்டு அது. அந்தக் "காஞ்சி"க்கும் இந்த ஊருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காஞ்சி என்று ஒரு மரமும் இருக்கிறது. அதுவும் ஊராகிவிடும்!

சரி, ஊர்ப் பெயரை எப்படித்தான் எழுதுவது? குறில் "சி"யா, நெடில் "சீ"யா? பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடு வாங்கியபோது, இங்கிலீஷில் இரண்டு "இ" போட்டு நெடிலாகவே பதிந்திருக்கிறார்கள். இங்கிலீஷில் ஒற்றை எழுத்தோடு எழுதுகிறவர்களும் நிறையப் பேர். இந்தக் கட்டுரையில் முதல் சில வரிகளுக்குப் பிறகு ஊர்ப் பெயர் குறிலாகவே வந்திருக்கிறது. எங்கள் விதி அது. நெடில் போடுகிறவர்கள் கடிதம் எழுதலாம். காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.